மிளகாய் போட்ட பூட்டு

வீட்டில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் மிளகாய். யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூக்கு சிவந்துவிடும், சுள்ளென்று பதில் வரும். ஒரு வாரமாகவே அந்த மூக்கு சிவந்துதான் கிடந்தது. காரணம், ரெட்டை ஜடை.

ரெட்டை ஜடையை மிளகாய் நேரில் பார்த்ததே இல்லை. அவள் கடல் தாண்டி எங்கேயோ இருக்கிற ஒரு பள்ளியில் படிப்பவள்.

மிளகாயின் அம்மாவுக்குப் பழைய கம்ப்யூட்டர் பட்டறையில் வேலை. ஆபீஸ்களில் வேண்டாம் என்று ஒதுக்கிய கம்ப்யூட்டர்கள் எல்லாம் அங்கே வந்து குவியும். அம்மா அவற்றில் இருப்பதை அழித்து, பழுது பார்த்து, துடைத்துப் பெட்டியில் வைப்பாள். கம்ப்யூட்டர் வாங்க வழியில்லாத தூர தேசத்துப் பள்ளிகளுக்கு அவை கப்பலேறிப் போகும்.

இந்த முறை கம்ப்யூட்டர் போய்ச் சேரவேண்டிய பள்ளி ஒரு போட்டோ அனுப்பியிருந்தது. அதில் பன்னிரண்டு பிள்ளைகள், ஆளுக்கு ஒரு லேப்டாப். ஓரத்தில் ரெட்டை ஜடை போட்ட ஒருத்தி. அம்மா அதைத் தன் மேசைக்கு எதிரே ஒட்டி வைத்திருந்தாள்.

பள்ளி விட்டதும் மிளகாய் நேரே பட்டறைக்குத்தான் வருவாள்.

"அம்மா, இன்னிக்கு கிளாஸ்ல என்ன நடந்துச்சு தெரியுமா?"

"இரு கண்ணு. ரெட்டை ஜடையோட லேப்டாப்ல ஒரு பட்டன் ஒட்டிக்குது. பாவம், குழந்தை எப்படி டைப் அடிக்கும்?"

குழந்தையாம், குழந்தை! மிளகாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மா பஞ்சுக் குச்சியால் ஒவ்வொரு பட்டனையும் பதமாகத் துடைத்தாள்.

"எனக்குத் தலை வாரும்போது மட்டும் வெடுக்கு வெடுக்குனு இழுக்கத் தெரியுது" என்று மிளகாய் முணுமுணுத்தாள். அம்மாவின் காதில் அது விழவே இல்லை.

போட்டோவில் ரெட்டை ஜடை பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். 'எங்கம்மாவைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு இளிக்கிற இளிப்பைப் பாரு!' என்று மிளகாய் பொருமினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா டீ குடிக்கப் போன நேரம். மிளகாய் அந்த லேப்டாப்பை ஆன் செய்தாள். அது தொடங்கும்போதே ஒரு பட்டனை அழுத்தினால் நீலத் திரை வரும். அங்கே பூட்டுப் போடலாம். அப்புறம் சரியான வார்த்தையை அடித்தால்தான் திறக்கும். அம்மா பழைய பூட்டுகளை எடுப்பதை அவள் எத்தனை முறை பார்த்திருப்பாள்!

மனதில் இருந்ததை மளமளவென்று அடித்துப் பூட்டினாள். 'இப்போ சிரி, பார்க்கலாம்!'

சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்கு அவள் நன்றாகத்தான் தூங்கினாள்.

மறுநாள் நாலு மணிக்கு லாரி வரவேண்டும். அதற்குள் கண்ணாடி மாமா ஒவ்வொரு லேப்டாப்பையும் போட்டுப் பார்த்தார். கடைசியாகச் சரிபார்ப்பது அவர் வேலை. பன்னிரண்டாவதில் அவர் கை நின்றது.

"என்னம்மா, இது பூட்டிக் கிடக்கு?"

"இருக்காதே சார்! நேத்துகூட நல்லா ஓடிச்சே." அம்மாவின் முகம் வெளிறிவிட்டது.

"எல்லாம் முடிஞ்சுதுன்னு நீதானே எழுதிக் குடுத்தே? திறக்க முடியாததை அனுப்ப மாட்டோம்னு உனக்கே தெரியும். திருட்டுச் சாமானோ என்னவோ, யார் கண்டா? பிரிச்சு உதிரி பாகமா எடுத்துக்க வேண்டியதுதான்."

"அங்க பன்னெண்டு பிள்ளைங்க சார்! நம்மகிட்ட வேற லேப்டாப்பும் இல்லை."

"அதுக்கு நான் என்னம்மா பண்றது? பதினோரு பேருக்குப் போகட்டும்." மாமா ஸ்குரூடிரைவரை எடுத்தார்.

மிளகாய்க்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தப் பள்ளியில் சுற்றி எல்லோரும் பெட்டியைப் பிரிக்க, ஒருத்தி மட்டும் வெறுங்கையோடு நிற்பாள். தனக்கு மட்டும் இல்லை என்றால் எப்படி இருக்கும் என்று மிளகாய்க்குத் தெரியாதா என்ன? ஒரு வாரமாக அதைத்தானே அனுபவிக்கிறாள்!

முதல் திருகு கழன்றது.

"மாமா, பிரிக்காதீங்க! நான்தான் பூட்டினேன்!"

பட்டறையே திரும்பிப் பார்த்தது.

"நீயா? சரியான ஆள்தான்! என்ன வார்த்தை போட்டே, சொல்லு."

மிளகாயின் மூக்கு சிவந்தது. இந்த முறை கோபத்தால் இல்லை. "சொல்ல மாட்டேன். நானே அடிக்கிறேன்."

அவள் அடிக்க அடிக்கத் திரையில் வெறும் புள்ளிகள்தான் விழுந்தன. ஆனால் அம்மா திரையைப் பார்க்கவில்லை. மகளின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த விரல் எந்த எழுத்தில் விழுகிறது என்று அம்மாவுக்கா தெரியாது?

'எங்கம்மா எனக்கு மட்டும்.'

லேப்டாப் திறந்துகொண்டது.

"அப்படி என்னம்மா வார்த்தை அது?" என்று மாமா எட்டிப் பார்த்தார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அது எங்க வீட்டு விஷயம் சார்."

அப்புறம் மிளகாயை இழுத்து அணைத்துக்கொண்டாள். "ஏன்டி, வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனே. நீதான் கேக்கலை."

"தப்புதான்டி செல்லம்" என்றாள் அம்மா, மெதுவாக.

இருவருமாகப் பூட்டை எடுத்தார்கள். லேப்டாப் பெட்டிக்குள் போனது. அம்மா டேப்பை ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று என்று சுற்றிக்கொண்டே போனாள்.

"போதும்மா! பாவம், அவ எப்படிப் பிரிப்பா?"

அம்மா வியந்துபோய் நிமிர்ந்தாள். மிளகாயோ போட்டோவைப் பார்த்து விரலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"லேப்டாப் உனக்கு. அம்மா எனக்கு. சொல்லிட்டேன்!"