"கூட யார் இருக்காங்க?"

போனில் மேடம் முதலில் கேட்டதே அதைத்தான். யாரும் இல்லைங்க என்றாள் அம்சவல்லி. சொல்லிவிட்டு ஒருதரம் சுற்றிப் பார்த்தும் கொண்டாள். உப்பளத்து மோட்டார் கொட்டாய் அது. ஓடாத மோட்டார், மூலையில் கிழிந்த சாக்குகள், டீசல் நாற்றம், ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலிருந்து இறங்குகிற மூணு மணி வெக்கை, சுவர் முழுக்கப் பூத்துக் கிடந்த உப்பு. ஒரு பூனை ஒளிந்துகொள்ளக்கூட இடமில்லை.

யாரோ மூச்சு விடுவதுபோல் கேட்டதாகச் சொன்ன மேடம், சரி விடுங்க என்று பேச்சைத் தொடங்கிவிட்டார்.

மனசுக்கு வைத்தியம் பார்க்கிற இந்த மேடம் கிடைப்பதற்குள் பட்ட பாடு கொஞ்சமா நஞ்சமா. முதலில் கறுப்புக் கயிறு கட்டிப் பார்த்தார்கள். அப்புறம் மாத்திரை, அது தூங்க வைத்ததே தவிர கனவை நிறுத்தவில்லை. பாண்டிச்சேரியில் ஒரு டாக்டரம்மா அடுத்த மாசம் வரச் சொன்னார், அடுத்த மாசம் போனால் அதற்கடுத்த மாசம் என்றார். சென்னையில் ஒருத்தர் கடைசிவரை இங்கிலீஷிலேயே பேசினார். பைத்தியத்துக்குப் பார்க்கிறாளாம் என்று தெருவே பேசி ஓய்ந்த பிறகு, ஆரோவில்லில் வீட்டு வேலைக்குப் போகிற அந்தோணியம்மாள்தான் இந்த நம்பரை வாங்கித் தந்தாள். தமிழில் பேசுவார், போனிலேயே பேசுவார். ஆனால் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டுதான் பேச வேண்டுமாம். வீட்டில் இருப்பதோ ஒரே அறை, சுற்றிலும் ஆள். டவரும் கிடைத்து ஆளும் இல்லாத இடம் இந்தக் கொட்டாய்தான். சாத்தின கதவைக் கண்டாலே உயிர் போகிறவளுக்கு வாய்த்த இடத்தைப் பாருங்கள்.

நடந்ததைச் சொல்லச் சொன்னார் மேடம். சொன்னாள்.

மழைக்காலம் முழுக்க ஓலைக்கடியில் கிடந்த உப்பு அம்பாரம் மேலே பாறையாக இறுகியிருந்தது. ஏறி உடைத்தால் நேரமாகும் என்று, எல்லாரும் செய்கிற மாதிரி, அடியில் குடைந்துதான் கூடையை நிரப்பினார்கள், அவளும் சரஸ்வதியும். மேலே இறுகியது அப்படியே சரிந்து விழுந்தது. உள்ளே இருட்டு. சரஸ்வதி அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், காதோரம் அவள் மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. தோண்டி எடுத்தபோது சரஸ்வதிக்கு உயிர் இல்லை. அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அம்சவல்லியை வெளியே இழுத்தார்கள். இடது கை விரல்கள். எதற்கெடுத்தாலும் சரஸ்வதிக்கு இடது கைதான், தலைக்கூடையைக்கூட அந்தக் கையால்தான் பிடித்து நடப்பாள், வரப்பில் போகிற பெண்கள் எல்லாம் கேலி செய்வார்கள்.

அன்றிலிருந்து மகள் சரண்யா ஓடிவந்து கழுத்தைக் கட்டினால் அம்சவல்லிக்கு மூச்சு அடைக்கிறது. பிடித்துத் தள்ளிவிடுகிறாள். ஐந்து வயசுப் பிள்ளைக்கு என்ன புரியும்? இப்போதெல்லாம் அது ரெண்டடி தள்ளி நின்றே "எம்மா" என்கிறது. அந்த ரெண்டடியைத்தான் அம்சவல்லியால் தாங்க முடியவில்லை. பிள்ளையை ஒருதரம் இறுக்கிக் கட்டிக்கொள்ள முடிந்தால் போதும், அதற்காக இந்தக் கொட்டாய் என்ன, நரகத்துக்கே போய் உட்காரலாம்.

மேடம் நல்ல மாதிரி. அவசரமே படவில்லை. கண்ணை மூடுங்க, காலைத் தரையில் அழுத்துங்க, மூச்சை மெதுவா இழுங்க, அப்படியே பிடிங்க என்றார். அம்சவல்லி பிடித்தாள். வெளியே எங்கோ ஈ.சி.ஆரில் பஸ் ஹாரன். கூரை வெயிலில் சடசடத்தது. அதற்கும் கீழே, மெல்ல, ஈரமாக ஒரு சத்தம்.

"அம்சவல்லி, பிடிக்கச் சொன்னேனே. ஏன் விடுறீங்க?"

அவள் விடவில்லை.

கண்ணைத் திறந்தாள். சாக்கு. மோட்டார். சுவர். யாருமில்லை. ஆனால் மூச்சு மட்டும் காதுக்குப் பக்கத்தில், அதே இடத்தில், இழுத்து விட்டுக்கொண்டிருந்தது.

எழுந்து கதவைத் தள்ளினாள். வரவில்லை. இடுக்கில் பார்த்தால் வெளித்தாழ் குறுக்கே கிடந்தது. லோடு ஏற்றுகிற ஆட்கள் யாரும் நுழைந்துவிடக் கூடாதே என்று புருஷன் மணிகண்டன் போட்டுவிட்டுப் பிள்ளையைக் கூட்டிவரப் போயிருக்கிறான். நல்லது நினைத்துத்தான் செய்திருக்கிறான், பாவி மனுஷன்.

தட்டப் போனாள். கை எழும்பவில்லை. மணிக்கட்டில் குளிர்ந்த விரல்கள்.

மேடம், என்று கூப்பிட வாயைத் திறந்தாள். உப்பு. நாக்கின் மேல், பல்லிடுக்கில், தொண்டைக்குள். துப்பத் துப்ப உப்பு.

"இப்ப எப்படி இருக்கு?"

"தேவலைங்க மேடம்," என்றது அம்சவல்லியின் குரல். அவள் பேசவில்லை.

"மூச்சு முட்டுதா?"

"இல்லைங்க. நல்லா வருது. ரொம்ப நாளைக்கு அப்புறம் நல்லா வருது."

மேடத்துக்கு சந்தோஷம். நல்ல முன்னேற்றம் என்றார். அடுத்த வாரமும் இதே மாதிரி தனியா உட்காருங்க என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வரப்பில் செருப்புச் சத்தம். தாழ் கிறீச்சிட்டது. வெளிச்சம்.

"முடிஞ்சுதா அம்சா? வா போலாம்."

அவள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள். அம்சவல்லியின் பச்சைப் புடவை. அவள் செருப்பு. அவள் பின்னல். மணிகண்டன் கொட்டாய்க்குள் ஒரு பார்வை பார்த்தான். அம்சவல்லி இருந்த இடத்தையும் பார்த்தான். சாக்குகளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். கதவைச் சாத்தினான்.

தாழ் விழுந்தது.

அம்சவல்லி கத்தினாள். சத்தம் வரவில்லை. இடுக்கில் கண்ணை வைத்தாள்.

வெள்ளைப் பாத்திகளுக்கு நடுவே, வரப்பில், அவன் முன்னால் போனான். பின்னால் போனவள், தலையில் கூடையே இல்லாமல், பழக்கத்தில் இடது கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நடந்தாள்.

வரப்பு முனையில் சரண்யா நின்றிருந்தாள். ரெண்டடி தள்ளி.

பின்னால் போனவள் குனிந்தாள். இடது கையை நீட்டினாள்.

பிள்ளை ஒரு கணம் தயங்கியது. அப்புறம் சிரித்துக்கொண்டே ஓடிப்போய் அந்தக் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டது.