திங்கட்கிழமைப் புண்

அது ஆடி மாதமா, ஆவணியா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நர்ஸ் ஏஞ்சலின் சொன்னதைக் கேட்டு எழுதுகிறேன். அதிலும் சிலவற்றை நான் மாற்றி நினைவு வைத்திருக்கலாம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டித் தோல் மருத்துவர் மிருதுளாவின் கிளினிக். அன்று கடைசியாக ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அன்புசெல்வன் இரும்பு ஆலைத் தொழிலாளி. பிறப்புறுப்பில் புண், இரண்டாவது முறை. முன்பு வேறு எங்கோ பால்வினை நோய் என்று ஊசி போட்டிருந்தார்கள். ஆனால் இருவரின் ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை.

"ரிப்போர்ட்டு இன்னா வேணா சொல்லட்டும் டாக்டரம்மா," என்றாள் அவன் மனைவி சுமலதா. "ஞாயித்துக்கெழம ஓவர்டைமு, ஓ.டி.ன்னு போறாரு, திங்கக்கெழம புண்ணோட நிக்கிறாரு. இன்னா ஓ.டி. அது? எங்கண்ணன் வெளிய வண்டியோட கீறாரு. ஆர்.கே.பேட்டைக்கு, எங்க ஊட்டுக்கே போய்க்கினே இருப்பேன்."

அன்புசெல்வன் தரையைப் பார்த்தான். மிருதுளா அவனைத் திரைக்குப் பின்னால் பரிசோதித்துவிட்டு வந்து கை கழுவினாள்.

"ரெண்டு தடவையும் ஒரே இடமா?"

"அதே எடந்தான். ஆறுனா கருப்பா நிக்குது. ஒதட்டுலயும் ஒண்ணு கீது."

"வாய்ப்புண்ணோட வருமே, கண்ணு சிவக்குமே, அந்த நோயா மேடம்?" என்றாள் ஏஞ்சலின் ஆவலாக.

"கண்ணு நல்லாருக்கு. அது இடம் மாறி மாறி வரும். இது விலாசம் தெரிஞ்ச மாதிரி வருது." அவன் பக்கம் திரும்பினாள். "மாத்திரை ஏதாவது போடறீங்களா?"

"எதுவும் இல்லீங்க."

"ஓ.டி. முடிஞ்சா உடம்பு வலிக்காதா?"

"பதினாறு மணி நேரம் டாக்டர். மெடிக்கல்ல ஒரு செட்டு வாங்கிப் போட்டுக்கினு படுத்துடுவேன்."

"மாத்திரை இல்லன்னீங்க?"

"செட்டு எங்க மாத்திரை? மாத்திரைன்னா நீங்க எழுதிக் குடுக்கறது."

மிருதுளா கண்களைத் தேய்த்துக்கொண்டாள்.

"செட்டுல நாலு மாத்திரை இருக்கு. சில பேருக்கு ஒரு மருந்து ஆகாது. போட்ட சில மணி நேரத்துல பழைய இடத்துலயே புண்ணாகும். ஆறினா கருப்பு நிக்கும். யார்கிட்டயிருந்தும் ஒட்டறதில்ல. ஓ.டி. இல்லாம எப்பவாவது செட்டு போட்டீங்களா?"

அவன் யோசித்தான். பதில் சுமலதாவிடமிருந்து வந்தது, மெதுவாக.

"பொங்கலுக்கு எங்க ஊட்ல பல்லு வலின்னாரு. எங்கண்ணன்தான் செட்டு வாங்கியாந்தாரு. மறுநாள் ஒதடு வெந்துகினு இருந்துச்சு. டீ சுட்டுடுச்சுன்னு நெனச்சோம்."

மிருதுளா வெளியே இருந்த அண்ணனிடம் எண் வாங்கி, இரண்டு ஊர் மருந்துக் கடைகளுக்கும் போன் செய்து விசாரித்தாள். பொங்கலுக்கும் ஓ.டி.க்கும் பொதுவாக இருந்தது ஒரே ஒரு வலி மாத்திரை. அதன் பெயரை அட்டையில் எழுதி, இனி எந்த மருத்துவரிடமும் இதைக் காட்ட வேண்டும் என்றாள். பூசக் களிம்பும் கொடுத்தாள்.

புண் இரண்டு வாரத்தில் ஆறியது. அதன்பின் வரவில்லை. சுமலதா அன்றே அண்ணனைத் தனியாகத் திருப்பி அனுப்பியிருந்தாள். அன்புசெல்வன் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை, பிறகு பேசினான். ஏஞ்சலின் மணவாள நகரில் வேறு வேலைக்குப் போய்விட்டாள். மிருதுளா அதே கிளினிக்கில்தான் இருக்கிறாள்.