ஏழுகல் தோடு

மழை விட்ட சாயங்காலம், கரண்ட் போயிருந்த நேரத்தில், மாயவரத்திலிருந்து வாடகைக் காரில் சாரங்கபாணி வந்து இறங்கினான். அக்காள் பிரகதாம்பாளின் மகள் ஷோபனாவுக்கு அடுத்த வாரம் கல்யாணம். மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை. தாய்மாமன் சீர் குறைவாக இருந்தால் குடும்பத்துக்கு என்ன மரியாதை என்று அவனே கேட்டுக்கொண்டு, வைரத்தோட்டை எடுத்து வைத்தான். சிங்கப்பூரில் வாங்கியதாம்.

ஒரு தோட்டை எடுத்துக்கொண்டு ஷோபனா கண்ணாடி இருந்த அறைக்குள் போனாள். மற்றதைப் பிரகதாம்பாள் குத்துவிளக்கருகே பிடித்தாள்.

இந்தக் காலத்துக் கல் வெள்ளையாகப் பொடிப்பொடியாய் மின்னும். இதில் நீலமும் சிவப்பும் பெரிய துண்டுகளாக மெல்லப் புரண்டன. விளக்குச் சுடருக்கென்றே கையால் பட்டை தீட்டிய பழங்காலத்துக் கல். முதுகு உயர்ந்து, முகம் சிறுத்து, ஓரம் திண்டு போல உருண்டிருந்தது. அடிமுனையைக் கூராக்காமல் சீவியிருந்ததால் ஒவ்வொரு கல்லுக்குள்ளும் ஊசித்துளை போல ஒரு கறுப்பு வட்டம்.

நடுக்கல்லில் மட்டும் அந்த வட்டம் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது.

சின்ன வயதில் அம்மா மடியில் படுத்து அண்ணாந்து பார்த்த வட்டம்.

கல் பதித்திருந்த தங்கக் கட்டடத்தைத் தம்பி மாற்றியிருந்தான். பட்டையை மாற்ற முடியவில்லை.

"இந்தத் தோட்டை என் எலும்போட கடல்ல விட்டுடுங்க, அம்மாடி." அம்மா கடைசியாகக் கேட்டது அது ஒன்றுதான். பூம்புகாரில் விட்டுவிட்டேன் என்று தம்பி சொன்னதை, உறவு முழுக்கப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவள் அவள்.

எங்கிருந்தோ நனைந்த சாம்பல் வாடை வந்தது.

"இது அம்மாவோடது" என்றாள்.

"மெதுவாக்கா. சம்பந்தி காதுக்குப் போனா நம்ம மானம் போயிடும்."

"மானத்தைப் பத்தி நீ பேசறியா? சுடுகாட்டுல எப்படிடா கழட்டுன?"

அவன் தரையைப் பார்த்தான்.

"திருகு கழலலக்கா."

"அப்புறம்?"

"காதை அறுத்துட்டேன்."

அவள் அவனைத் திட்டவில்லை. அழவுமில்லை. விடிந்ததும் இரண்டு தோட்டையும் தானே கொண்டுபோய்க் கடலில் விட்டுவிடுவது என்று எழுந்தாள்.

"ஷோபனா, அதைக் கழட்டிக் கொண்டா."

அறைக்குள் தண்ணீர் சொட்டியது.

விளக்கை எடுத்துக்கொண்டு போனாள். ஷோபனா முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் தலைமுடியிலிருந்து சாம்பல் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

பிரகதாம்பாளின் கையிலிருந்த நடுக்கல்லில், ஒதுங்கியிருந்த வட்டம் கண்மணி போல மெல்ல நகர்ந்து நடுவுக்கு வந்து நின்றது.

ஷோபனா திரும்பவில்லை. காதுக்குப் பின்னால் திருகைத் திருகிக்கொண்டே பேசினாள். குரல் அவளுடையது அல்ல.

"கழலல, அம்மாடி. இந்தத் தடவை யாரு அறுக்கப்போறீங்க?"