புகைக்குழாயில் கசிந்தது

கதவைத் திறந்ததுமே பத்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

ஆட்டுக்கொழுப்பைக் கருகவிட்டு, அதில் தலைமுடியைப் போட்டுப் பொசுக்கிய மாதிரி ஒரு நாற்றம். இடுப்பிலிருந்த குழந்தை கயல்கூடத் தும்மியது. குவைத் நகருக்கு வெகுதூரம் வெளியே, சால்மி சாலைப் பக்கம், கணவன் கார்மேகத்துக்கு விசா கொடுத்த அரபி முதலாளியான கஃபீலுக்குச் சொந்தமான பண்ணை அது. காவலாளுக்கென்று மூலையில் ஓர் ஒற்றை அறை கட்டியிருந்தார்கள். நகர்ப்பக்கம் அப்பாசியாவில் பங்கு போட்டுக் குடியிருந்த ஃபிளாட்டைத் திடீரென்று காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். விசிட் விசாவில் வந்த மனைவியையும் எட்டு மாதக் குழந்தையையும் கார்மேகம் வேறு எங்கே கொண்டுபோவான்?

"கொஞ்ச நாளைக்கிப் பொறுத்துக்க புள்ள. வேற ரூம் பாத்துடுறேன்" என்றான்.

பாலைவனம் என்றால் வெயில் என்றுதான் ராமநாதபுரத்துக்காரி நினைத்திருந்தாள். ஜனவரி விடியலில் வாளித் தண்ணீரின் மேல் ஐஸ் ஏடு கட்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கயலுக்கு ஏற்கெனவே சளி. மூச்சு இழுக்கும்போதெல்லாம் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போலச் சத்தம். இந்தக் குளிர் அந்த நெஞ்சுக்கு ஆகாது. அறையில் இருந்த ஒரே கதகதப்பு, இரும்பு விறகு அடுப்பு. வயிறு பெருத்த பெட்டி, அதன் தலையிலிருந்து கூரையைத் துளைத்துப் போகும் புகைக்குழாய்.

நாற்றம் அதிலிருந்துதான் வந்தது.

அடுப்பு சூடேறியதும் குழாயின் மூட்டுகளில் கருப்பாக ஏதோ கசியும். தாரைவிடக் கொழகொழப்பு. சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தால் துணியில் ஒட்டிக்கொண்டு நூல் நூலாக இழுத்தது. ஒருமுறை அதில் நீளமான முடி ஒன்று சிக்கியிருந்தது. பத்மா வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். பிறகு அதே அடுப்பின் அருகில்தான் குழந்தையைப் படுக்க வைத்தாள். வேறு வழி?

விறகு கொண்டுவரும் டிரைவர் மீராசா கீழக்கரைக்காரர். அறைக்குள் காலெடுத்து வைக்கவே மாட்டார்.

"தங்கச்சி, ஜன்னலக் கொஞ்சம் தொறந்தே வைங்க. வெறகு எரியிற ரூம முழுசா அடைக்கக் கூடாது."

கார்மேகம் கேட்டால்தானே? அவன் ஏசி மெக்கானிக். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஏசி அறையில் குளிர் வெளியே போகாமல் இடுக்கை அடைப்பது போல, இங்கே சூடு போகாமல் அடைக்க வேண்டும், அவ்வளவுதான் என்றான். ஏசி குழாய்க்குச் சுற்றும் வெள்ளி டேப்பை ஜன்னல் இடுக்கு முழுக்க ஒட்டினான்.

காலையில் டேப் உரிந்து தொங்கியது. ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தது. கயலின் போர்வையிலும் டேப்பிலும் விரல் தடங்கள், கருப்பாக, பிசுபிசுவென்று.

"கையக் கழுவிட்டுப் படுங்கன்னு எத்தன தடவ சொல்றது? புள்ள மேலயெல்லாம் அப்பி வச்சிருக்கீங்க. சீ!"

"நான் ஜன்னல் பக்கமே போகல."

"அப்ப பேயா வந்து தொறந்துச்சு?"

அவன் புது டேப் ஒட்டினான். மறுநாளும் அதே கதை. இந்த முறை பத்மா அவன் கையை இழுத்துத் தடத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். அவன் விரல்கள் தடித்தவை, பொருந்தவில்லை.

அவள் விரல்கள் பொருந்தின.

அன்று பகல் முழுக்கச் சூரியன் தலைகாட்டவில்லை. காற்று ஊசியாகக் குத்தியது. கயலின் இழுப்பு கூடிக்கொண்டே போனது. பொழுது சாயும் நேரம், பண்ணையின் மறுகோடியில் பம்ப் உறைந்துவிட்டதென்று கார்மேகம் போனான்.

பத்மா குழந்தையை வெந்நீரில் குளிப்பாட்டினாள். ஜன்னலுக்கு இரட்டை டேப் ஒட்டினாள். கதவிடுக்கில் துணியைத் திணித்தாள். குழாயில் ஒரு கைப்பிடி உண்டு. அதைத் திருப்பினால் உள்ளே தகடு மூடிக் கசிவு நிற்கும் என்று கண்டுபிடித்திருந்தாள். அதையும் திருப்பினாள். பிறகு அடுப்பிலிருந்து நெருப்புக் கங்குகளை வாரி எடுத்து, சாம்பிராணியைத் தூவி, கயலின் ஈரத் தலைக்குப் புகை காட்டினாள்.

"இன்னைக்கி எவ வந்து தொறக்குறான்னு பாக்குறேன்."

வந்த நாளிலிருந்து முதல் தடவையாக நாற்றம் தெரியவில்லை. சாம்பிராணி மணம் சுகமாக இருந்தது. தலை கனத்தது. சற்றுச் சாய்ந்தாள்.

கயலின் நெஞ்சில் பூனைச் சத்தம் நின்றுபோயிருந்தது. நல்லவேளை, சளி இளகிவிட்டது என்று நினைத்தாள்.

பிறகுதான் கவனித்தாள். மூச்சுச் சத்தமே இல்லை.

கையைத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை.

அடுப்பின் கதவு தானாகத் திறந்தது.

கருப்பாக ஒன்று, சட்டியில் அடிப்பிடித்ததைச் சுரண்டும் சத்தத்தோடு வெளியே வந்தது. முதலில் முடி. பிறகு கை. தரையில் கொழகொழவென்று இழுபட்டுக் குழந்தையிடம் போனது.

தொடாதே என்று கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

அது கயலின் மேல் கவிழ்ந்தது. வாய் இருக்க வேண்டிய இடத்தைக் குழந்தையின் வாயில் வைத்து ஊதியது.

"மூச்சு விடு, கண்ணு" என்றது கிசுகிசுப்பாக.

கயலின் நெஞ்சு எழும்பியது.

மறுபடியும் ஊதியது. மறுபடியும் எழும்பியது. அதன் பிறகு ஜன்னல் கண்ணாடி உடையும் சத்தம் பத்மாவுக்குக் கேட்டது.

அந்தச் சத்தம் கேட்டுத்தான் கார்மேகம் ஓடிவந்தான். பத்மா கண் விழித்தபோது மணலில் கிடந்தாள். கயல் வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். குழந்தையின் வாயைச் சுற்றி வட்டமாக ஒரு கருப்பு உதட்டுத் தடம்.

கார்மேகம் போன் போட்டு வரவழைத்த மீராசா, ஆஸ்பத்திரிக்கு வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னார். "முன்னாடி இருந்த சேலத்துக்காரப் பொண்ணும் இப்படித்தான் குளிருக்கு அடச்சுட்டுப் படுத்தா. வெறகுப் பொகையில மூச்சடச்சு அவளும் கைப்புள்ளையும் எந்திரிக்கவே இல்ல."

"ஏண்ணே மொதல்லயே சொல்லல?"

"சொன்னா தங்கியிருப்பீங்களா தங்கச்சி? போக வேற எடமும் இல்லியே."

தன் பிள்ளைக்கு மூச்சு கொடுத்த அந்தச் சேலத்துக்காரியைப் பத்மா கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும். கும்பிட வரவில்லை, குமட்டலே வந்தது. தேங்காயெண்ணெய் தொட்டுக் குழந்தையின் வாயைச் சிவக்கச் சிவக்கத் துடைத்தாள். தன் பிள்ளையை முத்தமிடவே அருவருத்தாள்.

இப்போது அப்பாசியாவில் வேறு ஃபிளாட். விறகும் இல்லை, அடுப்பும் இல்லை. கயலுக்கு இழுப்பு அடியோடு நின்றுவிட்டது. ஒரே ஒரு பழக்கம்தான். தூங்கும் முன் தாயின் மார்பைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். வாயை அகலத் திறந்து வைத்துக் காத்திருக்கிறாள்.

நேற்று பத்மா பொறுக்க முடியாமல் அந்த வாயைக் கையால் மூடப் போனாள்.

அவள் உள்ளங்கை குழந்தையின் உதட்டை எட்டவில்லை. இடையில் வேறு ஏதோ இருந்தது. வெதுவெதுப்பாக, பிசுபிசுவென்று.