தேதி இல்லாத மாத்திரைகள்

ஃப்ரிட்ஜைத் துடைப்பது அந்த வீட்டில் மருமகளின் வேலை. அன்று காலை மாமியார் தானே துணியை எடுத்துக்கொண்டார். விடிவதற்குள் கரண்ட் போய், ஐஸ் உருகி, சமையலறை முழுக்கத் தண்ணீர். அவள் தரையைத் துடைத்து வாளியில் பிழிந்துகொண்டிருந்தாள். மாமியாரின் கை பாதியில் நின்றது.

கதவின் மேல்தட்டில், அவளுடைய கண் சொட்டு மருந்துக்குப் பின்னால் ஒரு சின்ன டப்பா. அதற்குள் ஒரு மாத்திரை அட்டை. அட்டையில் ஓர் எழுத்துகூட இல்லை. வெள்ளித்தாள் வழவழவென்று இருந்தது. ஓரத்தை யாரோ கத்தரித்திருந்தார்கள்.

"இது என்னம்மா?"

கூடத்தில் அவள் கணவன் வேலைக்குக் கிளம்பி, குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். கேள்வி அவன் காதில் விழுந்தது. நாடாவை இழுத்த விரல்கள் அப்படியே நின்றதை அவள் பார்த்தாள்.

"தலைவலி மாத்திரை, அத்தை. என்னுதுதான்."

மாமியார் துணியைக் கீழே போட்டார். ஈரக் கையோடு போய்ப் போனை எடுத்தார். அடுத்த தெருவில் இருந்த மகளுக்கு இரண்டே வார்த்தை: "மாத்திரை ஒளிச்சிருக்கா." போட்ட டீ ஆறுவதற்குள் நாத்தனார் வந்து நின்றாள்.

கல்யாணமாகி ஐந்து வருஷம். குழந்தை இல்லை. யாரிடம் குறை என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்கத் தேவையில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். மாமியார் அவளைத்தான் டாக்டர் டாக்டராக அழைத்துப் போனார். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், வலிக்க வலிக்க ஏதேதோ செய்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். அப்படியானால் வேறு நல்ல டாக்டர் வேண்டும் என்றார் மாமியார். மகனையும் அழைத்து வாருங்கள் என்று ஒரு டாக்டர் சொன்னபோது, அந்த ஆஸ்பத்திரிக்கே மாமியார் மறுபடி போகவில்லை.

அவளுக்கு விஷயம் தெரியும். ரொம்ப நாளாகத் தெரியும். துவைக்கப் போட்ட அவன் பேன்ட் பாக்கெட்டில் மருந்துப் பெட்டிக்குள் வரும் காகிதம் இருந்தது. ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை. முழுக்கப் படித்தாள். மடித்து, மறுபடி அதே பாக்கெட்டில் வைத்தாள். பிறகு ஃப்ரிட்ஜ் கதவில் பெயரில்லாத அட்டை வந்ததையும் பார்த்தாள். அவனே சொல்லட்டும் என்று இருந்தாள். அவன் சொல்லவில்லை.

டாக்டரிடம் போக அவனுக்கு வெட்கம். ஊரின் மறுகோடியில் இருந்த மருந்துக் கடைக்குப் போய், கூட்டம் குறையும்வரை வெளியே நின்று வாங்கி வந்திருந்தான். இன்னொரு தரம் அப்படிப் போய் நிற்க மனசு வரவில்லை. அதனால் மிச்சத்தைப் பத்திரப்படுத்தினான். குளிர்பதனக் கிடங்கில் மெக்கானிக் அவன். குளிரில் வைத்த எதுவும் கெடாது என்பது அவன் கட்சி. பொண்டாட்டியையே ஃப்ரிட்ஜில் வைத்திருப்பான், இடம்தான் பத்தவில்லை என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டல் செய்வார்கள். யாராவது எடுத்துப் பார்த்தால் பெயர் தெரியக்கூடாதே என்று, பெயின்ட் துடைக்கும் தின்னரைத் துணியில் தொட்டு அட்டையின் அச்சை அழித்தான். ஓரத்தில் குத்தியிருந்த எழுத்தைக் கத்தரித்தான். பெயர் போயிற்று. அதோடு தேதியும் போயிற்று.

ஆரம்பத்தில் வேலை செய்த மாத்திரை, பிறகு செய்யவில்லை. கெட்டுப்போனது மாத்திரையாக இருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. தான்தான் என்று முடிவு செய்தான். பேச்சைக் குறைத்தான். படுக்கையைக் கூடத்துக்கு மாற்றினான். அதற்கும் பழி அவள் தலையில்தான் விழுந்தது. புருஷனைக் கையில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

இப்போது நாத்தனார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தலைவலி மாத்திரைக்கு எதுக்குப் பேரை அழிக்கணும்? குழந்தை வேணாம்னு முழுங்கறா, அம்மா. நீ இவளைக் கூட்டிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையறே. இவ உள்ளுக்குள்ள சிரிச்சிட்டிருக்கா."

அழகு கெட்டுவிடும் என்றிருப்பாள், கண்ணாடிக் கடை வேலை போய்விடும் என்றிருப்பாள், வேறு என்ன எண்ணமோ யார் கண்டது என்று அடுக்கிக்கொண்டே போனாள். பெரியப்பாவுக்கு வரும் வழியிலேயே போன் செய்துவிட்டாளாம். சாயங்காலம் அவர் வருகிறார். இவளுடைய அப்பாவையும் வரச் சொல்லியாகிவிட்டதாம். இவளைப் பெட்டியோடு அனுப்பிவிடுவது என்று பேச்சு.

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போய்விடலாம் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. ஒரு வார்த்தை சொல்லாமல், புடவைகளை மடித்து வைத்துக்கொண்டு... அவன் மானமாவது மிஞ்சும்.

மாமியார் கையை நீட்டினார்.

"தலைவலி மாத்திரைதானே? காலையிலேர்ந்து எனக்குத் தலை வெடிக்குது. நான் போட்டுக்கறேன். தலைவலி மாத்திரைன்னா எனக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

சொல்லிக்கொண்டே வெள்ளித்தாளை நகத்தால் கிழித்தார். மாத்திரை உள்ளங்கையில் விழுந்தது. தண்ணீர்ச் செம்பைத் தூக்கினார்.

காலை டிபனுக்குப் பிறகு மாமியாருக்கு நெஞ்சுவலி மாத்திரை கொடுத்தவள் அவள்தான். தினமும் அவள்தான் கொடுப்பாள். நெஞ்சுவலிக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் இதைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்து என்று அந்தக் காகிதத்தில் தனியாகக் கட்டம் போட்டிருந்தது. பழைய மாத்திரைதான். வீரியம் போயிருக்கலாம். போகாமலும் இருக்கலாம். யாருக்குத் தெரியும்?

பாய்ந்துபோய் மாமியாரின் மணிக்கட்டைப் பிடித்தாள். செம்பு கவிழ்ந்தது. மாத்திரை ஈரத் தரையில் உருண்டது.

"பாத்தியா? இப்பத் தெரியுதா?" என்றாள் நாத்தனார்.

அவள் மாமியாரின் கையை விடவில்லை. கணவன் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க. அத்தை இப்பச் செத்துப் போயிருப்பாங்க. என் பேர் போனா நான் தாங்குவேன். இதைத் தாங்க மாட்டேன். எனக்குச் சொல்லத் தெரியும். ஆனா நான் சொல்லக் கூடாது. நீங்க சொல்லுங்க."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. ஒரு ஷூவில் நாடா கட்டாமலே எழுந்து நின்றான்.

"அது என்னுதும்மா. ஆம்பளைங்க போடற மாத்திரை. குறை எனக்குத்தான். அவளுக்கு ஒண்ணும் இல்ல."

நாத்தனார் உட்கார்ந்துவிட்டாள். மாமியார் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். கவிழ்ந்த செம்பிலிருந்து தண்ணீர் இன்னும் வழிந்துகொண்டிருந்தது.

முதலில் அசைந்தவள் அவள்தான். தரையில் கிடந்த மாத்திரையைப் பொறுக்கி, அட்டையோடு டப்பாவில் போட்டு, டப்பாவைப் பையில் வைத்தாள். கண்ணாடிக் கடைக்குப் போன் செய்து இன்று வரவில்லை என்றாள்.

"இன்னொரு ஷூவையும் கட்டுங்க. கிடங்குக்கு இல்ல, டாக்டர்கிட்ட."

"இன்னிக்கு வேணாமே..."

"இன்னிக்குத்தான்."

டாக்டர் அட்டையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். எப்போது வாங்கியது என்றார். அவனுக்கு நினைவில்லை. தேதி எங்கே என்றார்.

"அழிச்சிட்டேன், சார்."

"பேரை மறைக்கப் போய்த் தேதியைத் தொலைச்சிட்டீங்க."

அவர் கேலி செய்யவில்லை. பொறுமையாகச் சொன்னார். தேதி தாண்டியதும் மாத்திரை ஒரே நாளில் விஷமாகிவிடாது. ஆனால் அதில் எவ்வளவு வீரியம் மிச்சம் என்று யாராலும் சொல்ல முடியாது. நாள் முழுக்கத் திறந்து மூடுகிற ஃப்ரிட்ஜில் ஈரம் ஏறும், குளிர் மட்டும் காப்பாற்றாது. காலாவதி ஆனதைச் சாப்பிடவே கூடாது. அப்படிப்பட்ட மாத்திரை கேட்கவில்லை என்பதை வைத்து மனுஷனை எடைபோடுவதும் தப்பு.

"ஒண்ணு கேக்கலைன்னு ரெண்டு போட்டீங்களா?"

அவன் மெல்லத் தலையாட்டினான். போன வாரம். மறுநாள் கிடங்கில் ஏணிமேல் நின்றபோது தலை சுற்றியதாம். கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினானாம். இதையும் அவள் இப்போதுதான் கேட்டாள். நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டாள்.

ரத்த அழுத்தம் பார்த்தார்கள். விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை எகிறிக் கிடந்தது. பல பேருக்கு இந்தக் குறை அதிலிருந்துதான் ஆரம்பிக்கும் என்றார் டாக்டர். முதலில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும், இதயத்தையும் பார்த்துவிட வேண்டும், பிறகு மாத்திரை தேவைப்பட்டால் அவரே எழுதித் தருவார். இது வைத்தியம் இருக்கிற விஷயம். இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள்?



திரும்பும் வழியில் பஸ்ஸில் அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். அவள் அழ விட்டாள்.

வீட்டு வாசலிலேயே மாமியார் நின்றிருந்தார். கண் வீங்கியிருந்தது. நாத்தனார் உள்ளே இருந்தாள், எழுந்து வரவில்லை.

"அத்தனை டெஸ்டுக்கும் உன்னை இழுத்துட்டுப் போனேனேம்மா... வலியில என் கையைத்தானே பிடிச்சுக்கிட்டே... அப்பக்கூட ஒரு வார்த்தை சொல்லலியே."

"அவர் வாயால வரட்டும்னு இருந்தேன், அத்தை. அது என் தப்பு. இனிமே அப்படி இருக்க மாட்டேன். யார் உடம்புக்கு என்னன்னாலும் இந்த வீட்டுல வாயைத் திறந்து சொல்லணும். என் தலையில போட்டு மூடக் கூடாது."

மாமியார் அவளைக் கட்டிக்கொண்டு அவள் தோளில் முகத்தைப் புதைத்தார். அவள் அந்த முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவள் கண்ணும் நிறைந்தது. ஆனால் குரல் உடையவில்லை.

"சாயங்காலம் பெரியப்பா வர்றார்" என்றாள், மாமியாரின் தோளுக்கு மேலாகக் கணவனைப் பார்த்து. "எங்கப்பாவும் கிளம்பியிருப்பார். அவங்க வந்து உட்காரறதுக்கு முன்னாடி விஷயம் அவங்களுக்குத் தெரியணும்."

நாத்தனார் உள்ளிருந்து வந்தாள். தான் கிளப்பியதைத் தானே அடக்கிவிடுவதாகச் சொல்லிப் போனை எடுத்தாள். ஏதோ தவறுதலாகச் சொல்லிவிட்டேன், வர வேண்டாம் என்று சொன்னால் முடிந்தது என்றாள். தம்பி பெயர் எதற்கு வெளியே போக வேண்டும்?

அவன் அக்காவின் கையிலிருந்து போனை வாங்கினான்.

முதலில் மாமனாருக்கு அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. அவன் அவளைப் பார்த்தான். அவள் போனை வாங்கிக்கொள்ளவில்லை. பக்கத்தில் வந்து நின்றாள், அவ்வளவுதான்.

"மாமா, நான்தான் பேசறேன். உங்க பொண்ணு மேல ஒரு குறையும் இல்ல. என்னாலதான் மாமா. டாக்டரைப் பாத்துட்டு வந்துட்டோம். நீங்க வாங்க. அவளைக் கூட்டிட்டுப் போறதுக்கு இல்ல... உங்ககிட்ட நேர்ல மன்னிப்புக் கேக்கணும்."