மெஷினுக்கு ஒன்றுமில்லை

"கண்ணைப் பின்னால வச்சுக்கிட்டா நடக்கிறீங்க?"

கட்டுநாயக்க கார்மென்ட் தொழிற்சாலை வாசலில் காலை மழை. ஹிருணியின் சோற்றுப் பார்சல் சேற்றில் கிடந்தது. பருப்பும் தேங்காய்ச் சம்பலும் மழைநீரில் கரைந்து ஓடின. இடித்தவன் குடையைக்கூடப் பிடிக்க மறந்து நின்றான்.

"மன்னிச்சிடுங்க நங்கி... என் பார்சலை எடுத்துக்கோங்க."

"பிச்சையா?"

"ஐயோ, இல்ல. கருவாடு இருக்கு. பிடிக்காதுன்னா திட்டிட்டுத் திருப்பிக் குடுங்க."

அந்த ஊரில் வேலைக்கு வந்த பெண்கள் எல்லோருமே நங்கிதான், தங்கச்சிதான். ஆனால் இவன் சொன்னபோது அவளுக்கு ஏனோ எரிந்தது. பார்சலை வாங்கிக்கொண்டாள். கருவாடு பிடிக்காதவள், ஒரு துண்டு விடாமல் தின்றாள்!

பெயர் பசிந்து. மெஷின் பழுது பார்க்கப் புதிதாக வந்தவன். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்கள்.

தையல் கூடத்தில் இரைச்சல். பக்கத்தில் இருப்பவள் கத்தினாலும் கேட்காது. மெஷின் நின்றால் தலைக்கு மேலிருக்கும் மஞ்சள் விளக்கைப் போட வேண்டும். பழுது பார்ப்பவன் ஓடி வருவான்.

முதல் முறை, அன்று காலையே, நூல் உண்மையாகவே சிக்கியது. வந்தான், குனிந்தான். இமை நுனியில் இன்னும் மழைத்துளி... அவள் ஊசியைப் பார்க்கவே இல்லை.

இரண்டாம் முறை மெஷின் நன்றாகத்தான் ஓடியது. விளக்கு மட்டும் எரிந்தது.

'நானா போய் முதல்ல பேசுறது? பேசணும்னா அவரே பேசட்டும்...' என்று வீம்பு. வாய் பேசாததை விளக்குப் பேசியது. அவனும் வந்தான், மூடியைத் திறந்தான், ஒரு சொட்டு எண்ணெய் விட்டான், மூடினான்.

"இந்த மெஷினுக்கு என்மேல என்ன கோவமோ!" என்று அவள் காதருகே கத்துவான்.

"அதையே கேளுங்களேன்!"

அவ்வளவுதான் பேச்சு. மாதக்கணக்கில் அவ்வளவேதான்.

விளக்கு எரிவதெல்லாம் மேலே ஆபீஸ் திரையில் பதிவாகும் என்று தையல்காரிகளுக்கு யாரும் சொன்னதில்லை. ஒரு திங்கட்கிழமை காலை, எல்லோரையும் நிற்க வைத்து மேனேஜர் மேடம் பேசினார்.

"ஒரே மெஷின் திரும்பத் திரும்ப நிக்குது. பழுது பார்க்கத் தெரியாத ஆளை வச்சு நான் என்ன செய்ய? பசிந்து, இன்னையோட போதும்."

ஹிருணி இப்போது வாய் திறந்தால் போதும். ஆனால் இத்தனை பெண்கள்... சிரிப்பார்களே, ஆள் மயக்கி என்பார்களே... தரையைப் பார்த்து நின்றாள். அவன் ஒரு முறை அவளைப் பார்த்தான். பிறகு தலை குனிந்து கருவிப் பெட்டியை மூடினான்.

மதியத்துக்குள் அவளால் தாங்க முடியவில்லை. மேடத்திடம் போய் எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினாள்.

"காலையில வாய் எங்க போச்சு?" என்றார் மேடம். "புது ஆள் வந்தாச்சு. நீயும் நாளைக்கு வர வேண்டாம்."

ஓடினாள். பஸ் நிறுத்தத்தில் பசிந்து நனைந்தபடி நின்றிருந்தான். வேலை தெரியாதவன் என்ற பேர் அதற்குள் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கெல்லாம் போய்விட்டது. இனி ஊருக்குப் போய் அப்பாவோடு வயலில் இறங்க வேண்டியதுதான்.

"மெஷினுக்கு ஒண்ணுமே இல்ல..." மூச்சு வாங்கியது. "உங்களைப் பார்க்கணும்னுதான்... உங்களைப் பிடிச்சிருக்கு. உங்க பொழைப்பைக் கெடுத்துட்டேனே... நான் பாவி!"

அவன் ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவளை உடைத்தது.

"தெரியுமா உங்களுக்கு?"

"பழுது பார்க்கிறவனுக்குத் தெரியாதா?"

"அப்போ மேடம்கிட்ட ஏன் சொல்லல? என்கிட்டயாவது ஏன் சொல்லல?"

அவன் ஊருக்குப் போகும் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் மகியங்கனை, மகியங்கனை என்று அவசரப்படுத்தினார். பசிந்து பெட்டியை உள்ளே தள்ளிவிட்டுப் படியில் நின்றான். அவன் முகத்தில் வழிந்தது மழை மட்டும் இல்லை.

"சொல்லியிருந்தா," என்றான், "நீ அப்புறம் கூப்பிட்டிருக்க மாட்டியே, ஹிருணி..."