நாற்பதாம் நிலை சந்தனமாரி

காலையில் எழுந்து முகம் கழுவியதற்குச் சந்தனமாரிக்கு இரண்டு புள்ளி கிடைத்தது. படுக்கையை மடித்து வைத்ததற்கு ஒன்று. பக்கத்துப் படுக்கைக்காரியைப் பார்த்துச் சிரித்ததற்கு அரை. மணிக்கட்டில் தோலுக்கடியில் பதித்திருந்த தகடு ஒவ்வொரு தடவையும் பச்சையாக மினுங்கி அடங்கியது. மினுங்காமல் இருந்தால்தான் அவளுக்குத் திடுக்கென்றிருக்கும்.

செவ்வாயில் உப்பளம் போட்ட நாளிலிருந்து இதுதான் நடைமுறை. மண்ணுக்கடியில் கிடக்கும் உப்புத் தண்ணீரை இறைத்துப் பாத்திகளில் விடுவார்கள். காற்று சன்னமான இடம் அது. தண்ணீர் அடுப்பில்லாமலே கொதித்துப் போய்விடும், உப்பு மட்டும் தங்கும். அந்த உப்பைச் சூடாக்கினால் மூச்சுக்காற்று பிரியும். அதை வாருவதற்கு முதலில் இயந்திரங்களை விட்டுப் பார்த்தார்கள். உப்பு அவற்றை அரித்துத் தின்றுவிட்டது. மனிதனையும் அரிக்கத்தான் செய்தது; ஆனால் மனிதன் அதற்காக நின்றுபோவதில்லை. ஆகவே தூத்துக்குடிப் பக்கத்து உப்பள ஆட்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள்.

வந்து இறங்குகிறவர்கள் எல்லாரும் முதல் நிலை. உப்பு வாரினால் அனுபவப் புள்ளி. புள்ளி சேர்ந்தால் நிலை உயரும். பத்தாம் நிலைக்கு ஒட்டுப் போடாத மூச்சுடை கொடுப்பார்கள். அதற்கு மேலே போனால் கைக்கு இதமான வாருபலகை, சன்னலோரப் படுக்கை. நாற்பதாம் நிலைக்குத்தான் ஊர் திரும்பும் கப்பலில் இடம்.

சந்தனமாரி முந்தின நாள் சாயங்காலம் நாற்பதைத் தொட்டிருந்தாள். கப்பல் வெளியே திடலில் நின்றது, மறுநாள் புறப்பாடு. ஊரில் மகள் முத்துக்கனிக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தது. "நீ வந்து நின்னாத்தான் கழுத்த நீட்டுவேன், பாத்துக்கோ" என்று செய்தி அனுப்பியிருந்தாள். இந்தக் கப்பலை விட்டால், இரண்டு கோள்களும் சூரியனைச் சுற்றி மறுபடி கிட்டே வரும்வரை அடுத்தது கிடையாது. சந்தனமாரி கட்டிய மூட்டையை அவிழ்த்தாள், திரும்பக் கட்டினாள். உட்கார்ந்தால் கால் ஆடியது.

அந்த நேரம் பார்த்துத்தான் வகைப்பான் வந்தது.

வகைப்பான் என்பது ஆட்டங்களை இன்ன இனம் என்று பிரித்துச் சொல்லும் எந்திரன். அதன் சொல்லுக்கு மேல் அங்கே சொல் இல்லை. முன்பொரு பருவத்தில் ஆட்கள் ஓய்வறைத் திரையில் ராஜாவும் மந்திரவாதியுமாக ஆடி ஆடிப் பாத்தியை மறந்து, மூச்சுக்காற்று குறைந்து, ஊரே உதடு நீலம் பாரித்துக் கிடந்ததாம். அதிலிருந்து, வேடம் போட்டு அதை வளர்த்துக்கொண்டே போகும் பாத்திர ஆட்டம் மட்டும் தடை. ஆடியது தெரிந்தால் நேரே முதல் நிலை. பந்தாட்டம், சீட்டு, கார்ப் பந்தயம் எதற்கும் தடையில்லை.

போன வாரம் வந்திறங்கிய சூசை ஒரு ஆட்டம் கொண்டுவந்திருந்தான். மழை பெய்கிற துறைமுக ஊர். அதில் சந்தனமாரி பஸ் கண்டக்டர். டிக்கெட் கிழிப்பாள், விசில் ஊதுவாள், படியில் தொங்குகிறவனை ஏசுவாள், மழையை வேடிக்கை பார்ப்பாள். அவ்வளவுதான். யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

"ஐயா, நான் சும்மா மழைக்காகப் போனவ" என்றாள் அவள்.

"ஏன்க்கா தகரத்துக்குப் போயி ஐயா போடுதீய?" என்றான் பக்கத்தில் நின்ற சூசை.

"ஏல, நீ வாய மூடு. ஒனக்கென்ன, எறங்குறதுக்கு ஒரு படிகூட இல்ல."

வகைப்பான் அச்சில் வார்த்த தமிழில் பேசியது. "நீங்கள் கண்டக்டர் என்னும் வேடம் ஏற்றீர்களா?"

"ஏத்தேன்" என்றாள். பொய் சொன்னால் புள்ளி போகும்.

"வேடம் மட்டும் போதாது. பந்தாட்டத்தில் கோல் காப்பவரும் ஒரு வேடமே. கதை இருந்தாலும் போதாது. கதை எல்லா ஆட்டத்திலும் ஒட்டிக்கொள்கிறது. நீங்கள் கிழித்த டிக்கெட் எண்ணாக மாறியதா? அந்த எண் வலிமையாக மாறியதா? நேற்று முடியாதது இன்று முடிந்ததா?"

"எங்கய்யா? அன்னைக்கும் சில்லறை இல்ல, இன்னைக்கும் சில்லறை இல்ல."

"முன்பின் தெரியாதவர் உங்களை ஏவினாரா? ஏவலை முடித்ததற்குப் பரிசாக உடையோ கருவியோ பெற்றீர்களா?"

"ஒரு கெழவி கூடையத் தூக்கிவிடச் சொன்னா. தூக்கிவிட்டேன். சாபம் விட்டா, லேட்டாம்."

சூசை சிரித்தான். வகைப்பான் சற்று நேரம் முனகிவிட்டுச் சொன்னது: "வேடம் வளரவில்லை. ஆகவே இது பாத்திர ஆட்டம் அன்று. நீங்கள் ஆடலாம்."

சந்தனமாரிக்கு உயிர் வந்தது. அதே நொடி தகடும் மினுங்கியது: உண்மை பேசியதற்கு மூன்று புள்ளி.

வகைப்பானின் கண் மணிக்கட்டில் நின்றது. "அது என்ன?"

இங்கேதான் அவள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஆனால் நேற்று நாற்பதைத் தொட்டவள், யாரும் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள். முதல் நிலையில் ஒட்டுப்போட்ட மூச்சுடையோடு இருமினதிலிருந்து ஆரம்பித்தாள். எங்கோ பூமியிலிருந்து பேர் தெரியாத துரை ஏவுவது, உப்பு வார வாரப் புள்ளி ஏறுவது, நல்ல பலகை வந்ததும் ஒரு பாத்தியை ஒரே மூச்சில் வாரியது என்று விலாவாரியாகச் சொல்லி முடித்தாள்.

"எல்லா இலக்கணமும் பொருந்துகிறது" என்றது வகைப்பான். "ஒன்று மட்டும் தெரிய வேண்டும். பாத்திர ஆட்டத்தில் ஆடுபவர், வேண்டாம் என்றால் வேடத்தைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போகலாம். இங்கே அப்படிப் போக முடியுமா?"

முடியாது என்று சொன்னால் உப்பளக் கம்பெனிக்காரன் காதில் விழுமோ என்று அவளுக்குப் பயம். அதற்கு மேல் ரோஷம். "எங்கள என்ன கட்டியா போட்டிருக்கு? நெனைச்சா இந்த நிமிசம் எந்திரிச்சுப் போயிருவேன்."

"அப்படியானால் இந்த உப்பளம் ஒரு பாத்திர ஆட்டம். தடை செய்கிறேன்."

உப்பளம் முழுக்க எல்லார் தகடும் அணைந்தது.

நிலை ஒழிந்ததும் கப்பலுக்கான நிபந்தனையும் ஒழிந்தது. ஆள் இறக்கிவிட்டுத் திரும்புகிற கப்பல் எப்போதும் காலியாகத்தான் போகும். கதவைத் திறந்து வைத்து, யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்று அறிவித்தார்கள்.

சூசை பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். "வாங்கக்கா, போவோம். சன்னல் சீட்டு ஒங்களுக்கு."

"நீ போறியா?"

"பெறவு? எனக்கு என்ன இங்கன சொத்தா கெடக்கு?"

"ஏல, நீ வந்து முழுசா ஒரு வாரம் ஆகல. வாரு பலகைய எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியாது ஒனக்கு. நானும் நீயும் ஒரே கப்பலா?"

"ஊரு ஒண்ணுதானக்கா?"

முழங்கை வரை வெடித்த கையைப் பார்த்தாள். இத்தனை வருஷம் வாரினது இவனோடு சேர்ந்து போவதற்கா? ஊரில் இறங்கினால் எத்தனையாம் நிலை என்று கேட்கமாட்டார்களா? கையை நீட்டிக் காட்ட வேண்டாமா? இருண்ட மணிக்கட்டைத் தேய்த்தாள், சூடு பறக்கத் தேய்த்தாள். ஒன்றுமில்லை.

"நீ முன்னால போ. நான் நெலையத் திரும்பக் கேட்டு மேல்முறையீடு கொடுத்துட்டு வாறேன். ஒரு எட்டு."

வகைப்பானின் அறை வாசலுக்குப் போனால், அங்கே ஏற்கெனவே வரிசை. இருபதாம் நிலைக்காரிகள், முப்பதாம் நிலைக்காரர்கள். எட்டாம் நிலையில் கிடந்த ஒருத்தன்கூட நின்றான். அவனுக்கு ஏழாம் நிலைக்காரனோடு தன்னைச் சேர்த்தது பொறுக்கவில்லை. யாரும் யாருக்கும் வழிவிடவில்லை. நிலை இல்லாததால் யார் முன்னால் நிற்பது என்றே ஒரு சண்டை நடந்தது. சந்தனமாரி மூட்டையை இடுக்கிக்கொண்டு சன்னலையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். கால் மாற்றி நின்றாள். விட்டுப் போனால் வரிசையில் இடம் போய்விடும்.

மறுநாள் அவள் முறை வந்தபோது தரை அதிர்ந்தது. சன்னல் வழியே சிவந்த தூசி எழும்பி, கப்பல் அதற்கு மேலே ஏறிப்போயிற்று. அதில் சூசை ஒருவன்தான்.

"உங்கள் முறையீடு ஏற்கப்பட்டது" என்றது வகைப்பான். "என் தீர்ப்பில் பிழை. வேண்டாம் என்றால் எழுந்து போகலாம் என்று நீங்கள் சொன்னதை நம்பினேன். கதவு திறந்தே கிடந்தும் ஒருவர்தாம் போனார். அவருக்கு இழப்பதற்கு நிலை ஏதும் இல்லை. கழற்றி வைக்க முடியாத வேடம் ஆட்டத்தில் சேராது. உப்பளத்துக்குத் தடை இல்லை."

தகடு உயிர்பெற்றது. நாற்பது. கப்பலுக்குத் தகுதி. அடியிலே, பொறுமையாக வரிசையில் நின்றதற்கு ஐந்து புள்ளி.

முத்துக்கனியின் முகம் ஒரு கணம் வந்து போயிற்று. சந்தனமாரி மூட்டையைத் தரையில் வைத்தாள். பச்சை வெளிச்சம் மறுபடி மினுங்கியது. நேற்றிலிருந்து ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது.

பின்னால் நின்றவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"நின்னதுக்கு ஒனக்கு எத்தனை வந்துச்சு?"